ராமோன்ஸ் பனியனும் பவரி தெரு வாடகையும்

கறுப்புப் பனியன். நெஞ்சில் வட்டத்துக்குள் ஒரு கழுகு, சுற்றிலும் பெயர்கள், மேலே கொட்டை எழுத்தில் 'ராமோன்ஸ்'. உலகத்தில் எந்தக் காலேஜ் வாசலில் நின்றாலும் பத்து நிமிஷத்தில் ஒன்று கண்ணில் படும். திருப்பூரில் தைத்ததாகக்கூட இருக்கலாம், யார் கண்டது.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தால் போதும், எங்கிருந்தோ ஒரு இசை மேதை முளைத்துவிடுவார். "ராமோன்ஸ் எல்லாம் கேப்பியா? எங்க, மூணு பாட்டு பேர் சொல்லு பாக்கலாம்." பையன்களிடம் இந்தக் கேள்வி அவ்வளவாக வராது, அது தனிக் கதை. சொல்ல முடியாமல் அவள் முழித்தால் மேதைக்கு அன்றைக்குப் பிறவிப்பயன். சும்மா ஃபேஷனுக்குப் போடுறவங்களால்தான் மியூசிக்கே நாசமாப் போச்சு என்று நண்பர்களிடம் ஒரு பிரசங்கம் வேறு.

தமிழில் 'சீன் போடுறது' என்று ஒரு அருமையான பிரயோகம் உண்டு. நியூயார்க்கில் 'சீன்' என்றால் ஒரு ஊரின் பாட்டுக்காரர்கள், ரசிகர்கள், கிளப்புகள், உடைகள் எல்லாம் சேர்ந்த கூட்டம். இந்த மேதைகளுக்கு முதல் அர்த்தத்தில் மட்டும்தான் சீன் தெரியும்.

அந்தப் பனியனின் கதையை எடுத்துக்கொண்டாலே மேதையின் வாதம் படுத்துவிடும். சின்னத்தை வரைந்தவர் அர்துரோ வேகா, மெக்ஸிகோவிலிருந்து வந்த ஓவியர். அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையை எடுத்து, கழுகின் காலில் பேஸ்பால் மட்டையைக் கொடுத்தவர். குழுவின் முதல் ஆல்பம் 1976-இல் வந்தது. ஒரு வாரத்தில், சொற்ப செலவில் முடித்த ரெக்கார்டிங். ரேடியோக்காரர்கள் சீண்டவில்லை. ஐந்து லட்சம் விற்றதற்கான தங்கத்தட்டு அந்த ஆல்பத்துக்கு எப்போது கிடைத்தது தெரியுமா? 2014-இல்! முப்பத்தெட்டு வருஷம் கழித்து. அதற்குள் ஜோயி, டீடீ, ஜானி மூவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. மிச்சமிருந்த டாமியும் அதே வருஷம் ஜூலையில் இறந்தார். ரெக்கார்டு சோறு போடாத அந்த வருஷங்களில், கச்சேரி வாசலில் வேகா விற்ற பனியன்தான் குழுவை ஊர் ஊராக ஓட வைத்தது. ஆக, அந்தப் பனியனை 'வெறும் ஃபேஷன்' என்பவருக்குத்தான் ராமோன்ஸ் தெரியாது.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். கிழிந்த சட்டை, குத்திட்டு நிற்கும் தலைமுடி என்ற தோற்றத்தோடு நியூயார்க்கில் திரிந்தவர் ரிச்சர்ட் ஹெல். அதைப் பார்த்துக் கிறங்கிய மால்கம் மக்லாரன் லண்டனில் விவியன் வெஸ்ட்வுட்டோடு சேர்ந்து துணிக்கடை வைத்திருந்தவர். அந்தக் கடையைச் சுற்றிய பையன்களைச் சேர்த்துத்தான் செக்ஸ் பிஸ்டல்ஸ் உருவானது. அதாவது பங்க் இசையின் ஒரு கால் ஆரம்பத்திலேயே துணிக்கடைக்குள்தான் இருந்தது. துணி வந்து பாட்டைக் கெடுத்தது என்பது பிற்பாடு வந்தவர்கள் கட்டிய கதை.

அப்படியானால் கெட்டது எது? இடம். அதாவது வாடகை.

315, பவரி தெரு. 1973 டிசம்பரில் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் அங்கே திறந்த மதுக்கடைதான் சிபிஜிபி. கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்று அவர் போட நினைத்த பாட்டுகளின் முதலெழுத்துகள் அவை. வந்ததென்னவோ வேறு ஆட்கள். 1974-இல் டெலிவிஷன், ராமோன்ஸ், பிறகு பேட்டி ஸ்மித், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ். மாடியில் ஆதரவற்றவர்கள் படுக்கும் மலிவு லாட்ஜ். வாசலில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர்கள். கிறிஸ்டலின் நாய் ஹாலிலேயே 'வேலையை' முடித்துவிடும். கழிப்பறையைப் பற்றிச் சாப்பிடும் நேரத்தில் பேசாமல் இருப்பது உத்தமம்.

கிறிஸ்டல் ஒன்றே ஒன்றில் கறாராக இருந்தார்: சொந்தப் பாட்டுதான் பாட வேண்டும், ஊரான் பாட்டுக்கு இடமில்லை. யாருமே கேள்விப்படாத பாட்டை யாருமே கேள்விப்படாத பையன்கள் வாரநாள் ராத்திரி இருபது பேருக்கு முன்னால் பாடுவது வியாபாரக் கணக்கில் தற்கொலை. அதை வருஷக்கணக்காகத் தாங்க முடிந்தது, வாடகை குறைவு என்பதால். டாக்கிங் ஹெட்ஸின் டேவிட் பைர்ன் 2012-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு 'சீன்' உருவாக என்னவெல்லாம் வேண்டும் என்று ஒரு அத்தியாயமே போட்டிருக்கிறார். அறை சரியான அளவில் இருக்கணும், சொந்தப் பாட்டு பாட விடணும், பாடாத நாளிலும் பாட்டுக்காரர்களை இலவசமாக உள்ளே விடணும், வாடகை குறைவாக இருக்கணும், குறைவாகவே நீடிக்கவும் செய்யணும். மேதைமை, ஆவேசம், வரலாற்றுத் தருணம் என்று பெரிய வார்த்தை ஏதும் போடாமல் வாடகையைப் போட்டாரே, அங்கேதான் மனுஷர் நிற்கிறார்.

இதைச் சொன்னதும் 'ஆஹா, அந்தக் காலம்' என்று உருகத் தேவையில்லை. வாடகை குறைந்ததற்குக் காரணம் ஊர் சீரழிந்து கிடந்ததுதான். 1975-இல் நியூயார்க் மாநகராட்சியே திவால் விளிம்புக்குப் போனது. மாடி லாட்ஜில் படுத்தவர்களின் கஷ்டம் யாருடைய ஆல்பம் அட்டைக்கும் அலங்காரம் இல்லை. கடைசியில் சிபிஜிபியைக் காலி பண்ண வைத்த தகராறிலும் வீட்டுக்காரர் இடத்தில் இருந்தது சினிமா வில்லன் கிடையாது, வீடற்றவர்களுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பு. வாடகை பாக்கி, வாடகை உயர்வு என்று கோர்ட் வரைக்கும் போய், 2006 அக்டோபர் 15 அன்று பேட்டி ஸ்மித்தின் கச்சேரியோடு கடை மூடியது. அடுத்த ஆகஸ்டில் கிறிஸ்டலும் இறந்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நல்ல காமெடி. 2008-இல் அதே 315-இல் ஜான் வர்வேடோஸ் என்ற டிசைனரின் துணிக்கடை வந்தது, ஆயிரம் டாலரைத் தாண்டும் தோல் ஜாக்கெட்டோடு. 2013-இல் மெட்ரோபாலிடன் மியூசியம் பங்க் உடைகளுக்கு ஒரு கண்காட்சி வைத்து, அதில் சிபிஜிபியின் கழிப்பறையைத் தத்ரூபமாகச் செய்து நிறுத்தியது. (வாசனை இல்லாமல்தான்.) 2018-இல் டார்கெட் சூப்பர்மார்க்கெட் கிழக்கு வில்லேஜில் கிளை திறந்தபோது சிபிஜிபி முகப்பைப் போலவே பந்தல் போட்டு, அதில் தன் பெயரைச் சுருக்கி எழுதி, திட்டு வாங்கி மன்னிப்புக் கேட்டது. பவரி முனையில் ஜோயி ராமோன் பெயரில் 2003-இல் வைத்த தெருப்பலகையை ரசிகர்கள் திருடித் திருடி, கடைசியில் மாநகராட்சி அதை எட்டாத உயரத்துக்கு ஏற்றியது. போங்கடா!

இதில் வர்வேடோஸை மட்டும் பிடித்து அடிப்பது சுலபம். ஆனால் அந்த மனுஷர் பழைய சுவரை, அதில் ஒட்டியிருந்த போஸ்டர்களை மறைக்காமல் வைத்தார், கடைக்குள் கச்சேரியும் நடத்தினார். அந்த வாடகைக்கு வேறு யார் வந்திருப்பார்கள்? ஒரு பேங்க். திட்டு வாங்க வேண்டியது துணிக்கடை இல்லை, துணிக்கடையையும் பேங்கையும் தவிர வேறெதுவும் கட்டுப்படியாகாத தெரு.

இப்போது ஆற்றைத் தாண்டி புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்குக்கு. மன்ஹாட்டன் வாடகை தாங்காமல் பையன்கள் போய்ச் சேர்ந்த இடம். 2001-இல் ஸ்ட்ரோக்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்ததும் உலகம் முழுக்க ஒல்லி ஜீன்ஸ், கலைந்த தலை, பழைய டை. பெரிய கம்பெனி தயவு இல்லாத குழுக்களும் நூற்றுக்கணக்கில் கிளம்பின. பத்திரிகைகளுக்கோ ஒரே கவலைதான்: யார் நிஜ ஆள், யார் 'ஹிப்ஸ்டர்'? பத்து வருஷம் இதையே அரைத்தார்கள். மீசை வைத்தவன் ஹிப்ஸ்டரா, கியர் இல்லாத சைக்கிள் ஓட்டுபவன் ஹிப்ஸ்டரா என்று எத்தனை டன் எழுத்து!

அவர்கள் அரைத்துக்கொண்டிருந்தபோது, 2005 மே மாதம் நியூயார்க் மாநகராட்சி வில்லியம்ஸ்பர்க், கிரீன்பாயின்ட் ஆற்றோரத்தின் நில உபயோக விதியை மாற்றியது. ஆலைகளும் கிடங்குகளும் இருந்த இடத்தில் அடுக்குமாடி கட்டலாம் என்றாகிவிட்டது. அந்தத் தெருக்களின் தலையெழுத்தை எழுதிய காகிதம் அது. ஒல்லி ஜீன்ஸைப் பற்றி வந்ததில் பத்தில் ஒரு பங்காவது இதைப் பற்றி வந்திருக்குமா?

பாட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள், டொமினிக்கர்கள், போலந்துக்காரர்கள், ஹசிதிய யூதர்கள் வாழ்ந்தார்கள். வாடகை ஏறியபோது தென்பகுதியிலிருந்து முதலில் பெட்டி கட்டியவர்களில் பலர் ஸ்பானிஷ் பேசிய குடும்பங்கள். அப்போது கிட்டார் பையன்கள் ஒப்பாரி வைத்ததாகத் தெரியவில்லை.

சரி, முறை எப்படித் திரும்பியது? மான்ட்ரியலில் 1994-இல் ஆரம்பித்து நியூயார்க்குக்கு வந்த வைஸ் பத்திரிகையின் புகழுக்கு ஒரு பெரிய காரணம், தெருவில் போகிறவர்களின் படத்தைப் போட்டு 'இது செய், இது செய்யாதே' என்று உடையைக் கிண்டல் அடித்த பகுதி. எந்தச் செருப்பைப் போட்டவனைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது அதுதான். அதே வைஸ் பெரிய மீடியா கம்பெனியாக ஊதி, 2014-இல் வில்லியம்ஸ்பர்கில் ஒரு பழைய கட்டடத்தைத் தலைமை அலுவலகத்துக்காக எடுத்தது. அங்கேதான் டெத் பை ஆடியோ, கிளாஸ்லேண்ட்ஸ் என்ற இரண்டு கச்சேரி அரங்குகள் இருந்தன. முதலாவது அந்த நவம்பரோடு காலி. இரண்டாவது புத்தாண்டு இரவோடு. பக்கத்திலிருந்த 285 கென்ட் என்ற இடம் அந்த வருஷ ஜனவரியிலேயே மூடியிருந்தது. 2017-இல் 570 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட வைஸ், 2023 மே மாதம் திவால் நோட்டீஸ் கொடுத்தது. கம்பெனி போனால் போகட்டும், அரங்குகள் திரும்பி வரவா போகின்றன?

உடைகள் மட்டும் திரும்பி வந்தன. 2021, 22 வாக்கில் 'இண்டி ஸ்லீஸ்' என்ற பெயரில், மூஞ்சியில் ஃபிளாஷ் அடித்த போட்டோக்களும் அந்த ஜீன்ஸும் டிக்டாக்கில் மறுபிறவி எடுத்தன. உடனே அந்தக் கால ஆசாமிகள், இதுங்களுக்கு என்ன தெரியும் என்று மறுபடி வினாத்தாளோடு வந்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் துணி கிடைத்தது, முன்னூறு பேர் நிற்க மலிவான ஓர் அறை கிடைக்கவில்லை. அறையைக் காப்பாற்றாமல் விட்டவர்கள் துணிக்குப் பரீட்சை வைக்கிறார்கள்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு அதே ஊரில் ஆதாரம் உண்டு. ரிவிங்டன் தெருவில் ஏபிசி நோ ரியோ. 1980-இல் ஓவியர்கள் கைக்கு வந்த பாழடைந்த கட்டடம். சிபிஜிபியின் ஞாயிறு பகல் கச்சேரிகளில் அடிதடி முற்றியபோது, இங்கே சனிக்கிழமைகளில் பங்க் கச்சேரி தொடங்கியது. இனவெறி, பெண்களை இழிவுபடுத்தும் பாட்டு உள்ளே வரக்கூடாது என்று விதி. மூன்று பாட்டு தெரியுமா என்று வாசலில் யாரும் கேட்கவில்லை. மாநகராட்சி காலி பண்ணச் சொல்லி நெருக்கியபோது வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, 2006-இல், அதாவது சிபிஜிபி மூடிய அதே வருஷம், அந்தக் கட்டடத்தை ஒரு டாலருக்கு எழுதி வாங்கினார்கள். இடிந்து விழும் நிலையிலிருந்ததால் 2017-இல் இடித்தாயிற்று. காசு சேர்க்க இழுத்துக்கொண்டே போய், ஒருவழியாக 2024-இல் புதுக் கட்டடத்துக்கு மண் வெட்டினார்கள். ஏபிசி நோ ரியோ பனியன் போட்ட ஆளைக் காலேஜ் வாசலில் பார்ப்பது கஷ்டம். நிலம் அவர்கள் பெயரில் இருக்கிறது.