எல்லைப்புற மாணவரும் மேல்நிலைத் தமிழும்

கேரளத்தில் பிளஸ் ஒன் வகுப்பில் சேரும் மாணவர்களுக்கான இரண்டாம் மொழிப் பட்டியலைப் படிப்பவர்கள் அதில் ஒரு புதுமையைக் காணலாம். மலையாளம், ஹிந்தி, சம்ஸ்கிருதம், அரபு, உருது, கன்னடம், பிரெஞ்சு ஆகியவற்றோடு லத்தீனுக்கும் சிரியாக் மொழிக்கும் அதில் இடம் தரப்பட்டிருக்கிறது. தமிழுக்கும் இடம் உண்டு. லத்தீனைத் தாய்மொழியாகப் பேசும் வீடு இன்று உலகில் எங்கும் இல்லை. தமிழோ வட்டவடையிலும் மறையூரிலும் வண்டிப்பெரியாரிலும், கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் தெருவெல்லாம் ஒலிக்கும் மொழி. ஆயினும் பட்டியலைப் பொறுத்த மட்டில் இரண்டுக்கும் ஒரே அந்தஸ்துதான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். பட்டியலில் தமிழ் இருப்பது ஒன்று. மாணவன் சேரும் பள்ளியில் தமிழ் வகுப்பு இருப்பது வேறொன்று. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தமிழ்ப் பெற்றோர்கள் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றித்தான்.

பத்தாம் வகுப்பு வரை இந்தப் பகுதிகளின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளை, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் முதல் மொழியின் இரு தாள்களையும் தமிழிலேயே எழுதலாம். மலையாளப் பிள்ளை மலையாளத்தில் எழுதுவதைப் போன்ற அதே உரிமை இது. சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. மேல்நிலை வகுப்பில் இடம் ஏகஜாலக முறையில், மதிப்பெண் தகுதிப்படி ஒதுக்கப்படுகிறது. கிடைத்த பள்ளியில், கிடைத்த பிரிவில் சேர வேண்டும். அந்தப் பள்ளியில் தமிழாசிரியர் இல்லையென்றால் ஹிந்தியோ மலையாளமோதான் இரண்டாம் மொழி. பத்து ஆண்டுகள் படித்த தமிழ் ஒரு ஜூன் மாதச் சேர்க்கைப் படிவத்தில் முடிந்துபோகிறது. மாணவன் அதை விரும்பிக் கைவிடுவதும் இல்லை. விட்டுவிட்டோம் என்று உணர்வதும் இல்லை. தோட்டத்து லயத்திலிருந்து ஜீப்பிலும் பஸ்ஸிலுமாக மலை இறங்கி வரும் பிள்ளைக்கு இடம் கிடைத்ததே பெரிது என்று குடும்பம் நிம்மதி அடைந்துவிடுகிறது.

லத்தீன் தரும் பாடம்

பேச ஆளில்லாத லத்தீன் மொழி பள்ளிகளில் எப்படிப் பிழைத்திருக்கிறது என்பதை இங்கே சற்று நோக்குவது பயனுள்ளது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகக் கல்லூரித் தரத்தில் லத்தீன் பாடமும், ஆண்டுதோறும் மே மாதத்தில் அதற்குப் பொதுத் தேர்வும் நடைபெறுகின்றன. வர்ஜில் என்ற ரோமானியக் கவிஞரின் காவியப் பகுதிகளை மாணவர்கள் மூலத்திலேயே படிக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பொருள் எழுத வேண்டும். முன்பின் பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்தாலும் பொருள் காண வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை தரம் தரப்படுகிறது. மூன்றோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்குப் பல கல்லூரிகள் பாடச் சலுகை வழங்குகின்றன. சில கல்லூரிகள் நான்கு, ஐந்து கேட்கின்றன. கடினமான பாடம்தான். ஆனால் உழைப்புக்குக் கல்லூரி வாசலில் மதிப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை மாணவனை அதில் நிலைநிறுத்துகிறது.

அங்கும் எண்ணிக்கைதான் விதியை நிர்ணயிக்கிறது. 2009-ம் ஆண்டு வரை லத்தீனுக்கு அந்த வரிசையில் இரண்டு தேர்வுகள் இருந்தன. எழுதுவோர் குறைவாக இருந்த பாடங்களைக் குறைத்தபோது லத்தீன் இலக்கியத் தேர்வு அந்த ஆண்டோடு நின்றது. வர்ஜில் தேர்வு மட்டும் தப்பியது. அதே நேரத்தில் இத்தாலிய மொழித் தேர்வும் நிறுத்தப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரின் அமைப்புகள் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. அவையும் இத்தாலிய அரசும் பொருளுதவிக்கு முன்வந்தன. 2011-12 கல்வியாண்டில் இத்தாலியத் தேர்வு மீண்டும் வந்தது. லத்தீன் இலக்கியத் தேர்வோ திரும்பவில்லை. கேட்பதற்கு ஒரு சமூகம் இருந்த மொழி, இழந்த தேர்வைத் திரும்பப் பெற்றது என்பது கவனிக்கத்தக்கது.

எல்லைப்புறத் தமிழுக்கு அந்தச் சமூகம் உண்டு. அது கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

என்ன படிப்பு இது?

மேல்நிலை வகுப்பில் தமிழ் எதற்கு, வீட்டில் பேசுகிறோமே என்று கேட்போர் உண்டு. வீட்டில் பேசும் தமிழும் நூலில் உள்ள தமிழும் ஒன்றல்ல என்பதைச் சங்கப் பாட்டு ஒன்றை முதன்முதலில் பிரித்துப் படிக்க முயலும் எந்த மாணவனும் அறிவான். லத்தீன் மாணவன் பெயர்ச்சொல்லின் வேற்றுமைகளை மனனம் செய்து வாக்கியத்தில் எழுவாய் எங்கே, செயப்படுபொருள் எங்கே என்று தேடுகிறான். தமிழ் மாணவனுக்கு எட்டு வேற்றுமை. அவற்றின் உருபு மறைந்து நிற்கும் தொகைகள் வேறு. அவன் வர்ஜிலின் அடியை ஆறு சீர்களாக அளக்கிறான். இவன் வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றுள் எந்த வாய்பாட்டில் முடிகிறது என்று அலகிடுகிறான். இரண்டும் ஒரே வகையான மூளைப் பயிற்சி. ஒன்றை மேலைநாடு உயர்கல்வி என்று போற்றுகிறது. மற்றதை நம்மவரே மதிப்பெண்ணுக்கு எளிய வழி என்றோ, வேலைக்கு உதவாத சுமை என்றோ ஒதுக்குகிறோம்.

லத்தீன் கற்ற மேலைநாட்டுப் பாதிரிமார்கள் தமிழை அப்படி ஒதுக்கவில்லை. ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் அச்சேறியது கேரள மண்ணில், கொல்லத்தில். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணங்களை லத்தீனில் எழுதினார். முன்னது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. திருக்குறளின் முதல் இரு பால்களையும் அவர் லத்தீனில் பெயர்த்தார். வீட்டுத் தமிழ் வேறு, கற்றுத் தேற வேண்டிய தமிழ் வேறு என்பது இத்தாலியிலிருந்து வந்தவருக்கு அன்றே புரிந்திருந்தது. மத்திய அரசு 2004-ல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது. செம்மொழி என்ற பட்டம் இருந்தும் அதை மேல்நிலை வகுப்பில் படிக்க ஆசிரியர் இல்லையென்றால் பட்டத்தால் என்ன லாபம்?

சங்கிலி எங்கே அறுகிறது?

இதில் வெறும் பாஷாபிமானத்துக்கு மேற்பட்ட ஒன்றும் இருக்கிறது. தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஆசிரியர்கள் வேண்டும். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் பணிகளுக்குத் தனியே விண்ணப்பம் கோருகிறது. தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர்களுக்கும் அவ்வாறே கோருகிறது. ஆசிரியர் தகுதித் தேர்விலும் தமிழை மொழிப் பாடமாக எடுக்க வழியுண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. கீழே பள்ளியும், மேலே கல்லூரியும், அதற்கு அப்பால் உத்தியோகமும் இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டாண்டு மேல்நிலைப் படிப்பில் தமிழ் விட்டுப்போனால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. பதினாறு வயதில் தமிழை விட்டவன் பதினெட்டு வயதில் தமிழ்ப் பட்டப்படிப்பை நாடி வருவது அரிது. படித்தவர் இல்லையெனில் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாத தமிழ்வழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் துணிவதில்லை. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியின் பணியிடங்களும் குறைகின்றன. இந்தச் சுழலில் ஒருமுறை அகப்பட்ட பள்ளி மீள்வது எளிதன்று.

மலையாளம் படிக்காமல் கேரளத்தில் வாழ முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாது, படிக்கத்தான் வேண்டும். மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்க 2017-ல் சட்டம் வந்தபோது காசர்கோட்டுக் கன்னடர்கள் எதிர்த்துப் போராடினார்கள். எல்லைப்புறத் தமிழருக்கும் அச்சம் இருக்கலாம். ஆயினும் மாநிலத்தின் மொழியை நன்கு கற்பது தமிழருக்கு நன்மையே. பத்து வகுப்புகளில் மலையாளத்தைப் பழுதறக் கற்பிக்கக் கேட்பதும், பிளஸ் ஒன்னில் தமிழைத் தொடரக் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணான கோரிக்கைகள் அல்ல.

இன்னும் சொல்லப்போனால், இரண்டும் அறிந்தவர் கேரளத்துக்கே தேவைப்படுகிறார். பதிற்றுப்பத்து முழுவதும் சேர மன்னரைப் பாடியது. சிலப்பதிகாரத்தின் கண்ணகிக்குக் குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் கோயில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமியன்று இரு மாநிலத்தவரும் அங்கே கூடுகிறார்கள். பழைய மலையாள நூலான ராமசரிதத்தின் நடை தமிழறிந்தவருக்கு நெருக்கமானது. வரலாற்றாசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை சங்க நூல்களைக் கற்றுத்தான் பண்டைக் கேரள வரலாற்றை எழுதினார். எழுத்தச்சனின் குருமடம் அமைந்த சித்தூரிலேயே தமிழும் பயில்கிறது என்பது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமான தற்செயல்.

மதிப்பெண் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. பொறியியலுக்கான மாநிலத் தரவரிசையில் கணக்கு, பௌதிகம், ரசாயனம் ஆகியவற்றின் மதிப்பெண்களே நுழைவுத் தேர்வோடு சேர்க்கப்படுகின்றன. இரண்டாம் மொழி சேர்வதில்லை. தமிழை எடுப்பதால் அந்த மாணவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. கலைப் பிரிவு மாணவனுக்கோ வரலாறு, பொருளாதாரம், புவியியல் ஆகியவற்றோடு தமிழையே விருப்பப் பாடமாக எடுக்கும் சேர்க்கையும் மேல்நிலைப் பாடத்திட்டத்தில் உண்டு. இதைக் கேட்டு வாங்கிய ஊர்கள் எத்தனை என்று எல்லைப்புறச் சங்கங்கள் தங்களையே கேட்டுக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

அரசு செய்ய வேண்டியது ஒன்று. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் போன்ற தாலுகாக்களில் பஸ் வசதியுள்ள சில மேல்நிலைப் பள்ளிகளைத் தேர்ந்து, மாணவர் எண்ணிக்கை ஓராண்டு குறைந்தாலும் கலைக்கப்படாத தமிழாசிரியர் பணியிடத்தை அங்கே நிலைப்படுத்த வேண்டும். ஆண்டுக்காண்டு தினக்கூலி ஆசிரியரை வைத்துச் செம்மொழி கற்பிக்க முடியாது. தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு அந்தப் பள்ளிகளில் முன்னுரிமையும் தரலாம்.

பெற்றோரும் சங்கங்களும் செய்ய வேண்டியது அதற்கு முந்தியது. பணியிடம் எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. எண்ணிக்கை படிவத்தைப் பார்த்து வருகிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வரும் நாளிலேயே எந்தப் பள்ளியில் தமிழ் இருக்கிறது என்று விசாரித்து, ஊர்ப் பிள்ளைகளை ஒன்றாக அங்கே விண்ணப்பிக்கச் செய்ய வேண்டும். தமிழ் இல்லாத பள்ளியிலும் எத்தனை பேர் தமிழ் வேண்டுகிறார்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். விழா மேடைக்குச் செலவாகும் தொகையில் ஒரு பங்கை அகராதிக்கும் உரைநூல்களுக்கும் ஒதுக்கினால் மாணவர் வாழ்த்துவர். வினாத்தாள் எளிதாக வேண்டும் என்று கேட்பது மட்டும் கூடாது. எளிய தேர்வில் பெறும் ஏ பிளஸ் மாணவனுக்கும் உதவாது, மொழிக்கும் உதவாது.

1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு தாய்மொழிக் கல்வியைப் பற்றிப் பேசுவது தொடக்கக் கல்வி மட்டத்தோடு நின்றுவிடுகிறது. மேல்நிலை வகுப்புக்கு அந்தக் காப்பு இல்லை; ஆகவேதான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு வழியையும் கேரளமே வகுத்திருக்கிறது. 1969-ம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி இம்மாநிலத்துத் தமிழர், தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழிலேயே வர வேண்டும். மேல்நிலைத் தமிழ் வேண்டுமென்ற மனுவைத் தமிழில் எழுதி அனுப்பும் உரிமை இன்று இருக்கிறது. பிழையின்றி அந்த மனுவை எழுதக்கூடிய இளைஞர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருக்கும்போதே அதை எழுதிவிடுவது நல்லது.