அண்ணனிடம் கொடுக்காதே

"லேப்டாப் அண்ணன்கிட்ட இருக்கு மேடம்."

சில ஆண்டுகளுக்கு முன், கட்டுரை ஒப்படைக்க வேண்டிய நாளில் என் வகுப்பு மாணவி சொன்ன காரணம் இது. பள்ளியில் படிக்கும்போது அரசு அவள் பெயருக்குக் கொடுத்த மடிக்கணினி. மெதுவாகிவிட்டது என்று அண்ணன் டவுனில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறான். கடைக்காரர் உள்ளே இருந்த அனைத்தையும் அழித்துவிட்டு, உரிமம் இல்லாத விண்டோஸ் ஒன்றை ஏற்றி, 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவளுடைய பாட்டி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அதில் பதிவாகியிருந்தன. பாட்டி இப்போது இல்லை. பதிவும் இல்லை. புதிய பாஸ்வேர்டு அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கோபப்பட்டேன். அவள் கோபப்படவில்லை. "அதெல்லாம் அண்ணனுக்குத்தானே மேடம் தெரியும்" என்றாள். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது.

இதை ஒரு புதுக்கோட்டைப் பெண் சொல்லலாமா? 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலாராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேருக்கு மேல் சைக்கிளில் நகருக்குள் வந்தார்கள். இதை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஒரு விவரம் சொல்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதையே விரும்பினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! ஆணுக்கென்று செய்த வண்டியைத் தம் தேவைக்கு வளைத்துக்கொண்டவர்கள் அவர்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். கேலிக்குப் பயந்து யாரும் இறங்கிவிடவில்லை.

அவர்களுடைய பேத்திகள்தான் இன்று மடிக்கணினியை அண்ணனிடம் கொடுக்கிறார்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்துக்கு அரசு வைத்த பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. அந்தத் திட்டத்தை இகழ்பவளல்ல நான். வீட்டில் மகனுக்கு மட்டும் வாங்கித் தந்திருக்கக்கூடிய ஒரு பொருளை, மகளின் பெயரெழுதி அவள் கையில் கொடுத்தது அரசு. ஆனால் பொருள் கைமாறியதே தவிர, அதைத் திறக்கும் வித்தை கைமாறவில்லை. இந்தத் திட்டத்தில் கொடுக்கப்பட்ட கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தமிழிலும் இயங்கும். என் மாணவிகள் பலர் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாமல் படிப்பை முடித்தார்கள். கடைகளுக்குத் தெரியும். அழிப்பதற்கு.

'விலையில்லா' என்பது ஒரு சொல். 'கட்டற்ற' என்பது வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்தான், அவர்களுக்குக் குழப்பம். நமக்கு அந்தக் குழப்பம் தேவையில்லை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். பின்னர் அவரது இயக்கம் ஒரு மென்பொருள் கட்டற்றதாக இருக்க நான்கு உரிமைகளை வரையறுத்தது. எந்த நோக்கத்துக்கும் அதை இயக்கலாம். அது எப்படி இயங்குகிறது என்று படித்து மாற்றலாம். படியெடுத்துப் பிறருக்குத் தரலாம். மாற்றியதையும் பகிரலாம். நம் ஊரில் பெண்கள் சைக்கிள் பழகத் தொடங்கிய அதே 1991இல்தான் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் லினக்ஸின் கருவை வெளியிட்டார். சைக்கிளில் செயின் கழன்றால் கண்ணுக்குத் தெரியும், கையால் மாட்டலாம். கட்டற்ற மென்பொருளும் அப்படித்தான், உள்ளே இருப்பது மூடப்படவில்லை.

எல்லோரும் நிரல் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தன் கணினிக்குள் என்ன இருக்க வேண்டும், யார் நுழையலாம் என்று முடிவு செய்பவள் அவளாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒரு பெண்ணின் படங்கள், கடிதங்கள், யாருக்கும் காட்டாத கவிதைகள் எல்லாம் கிடக்கும் பெட்டியை பாஸ்வேர்டோடு முன்பின் தெரியாத கடையில் விட்டுவருகிறோம். அலமாரிச் சாவியை அப்படிக் கொடுப்போமா?

நிறுவுவது அவ்வளவு கடினமா? நான் தமிழ் படித்தவள், கணிப்பொறி அறிவியல் அல்ல. எனக்கே முடிந்தது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் ஆகியவற்றில் ஒன்றைப் பதிவிறக்கி, அதற்கான மென்பொருளின் உதவியோடு பென்டிரைவில் ஏற்ற வேண்டும். கணினியை அணைத்துத் திறக்கும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் விசை; எது என்பது கணினிக்குக் கணினி மாறும். பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், எதையும் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் நிறுவலாம். பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. வட்டு முழுவதையும் அழிக்கவா, விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கவா என்று கேட்கும். அதற்கு முன்பே கோப்புகளை வேறொரு இடத்தில் படியெடுத்து வைத்திருக்க வேண்டும். விரும்பினால் வட்டைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. பாஸ்வேர்டு மறந்தால் பூட்டியவளாலும் திறக்க முடியாது என்பது நினைவிருக்கட்டும். நிறுவி முடித்தபின், புதிதாக எதைச் சேர்க்கவும் கணினி உன் பாஸ்வேர்டைக் கேட்கும். உன்னிடம் அனுமதி கேட்கும் பொருள் வீட்டில் வேறெது?

"தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று கேட்கிறார்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேட்டை வேறு கணினியில் திறந்து, புரியாத குறிகளைப் பார்த்து அழுத ஆய்வாளர்களைக் கேளுங்கள். நம் எழுத்து நம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்வார்கள். லினக்ஸில் யூனிகோடும் தமிழ்99 விசைப்பலகையும் காசில்லாமல் கிடைக்கின்றன. து. நித்யா என்ற பெண் எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல் பற்றி நூலே எழுதி, யாரும் படியெடுக்கலாம் என்று வெளியிட்டிருக்கிறார்.

இன்னொரு கேள்வி நியாயமானது. அந்தக் கட்டற்ற உலகமும் ஆண்களுடையதுதானே? ஆம். 2006இல் ஐரோப்பாவில் வெளியான ஓர் ஆய்வு, அந்தச் சமூகத்தில் பெண்கள் சுமார் 1.5 சதவீதம் என்றது. மற்ற மென்பொருள் துறையைவிட மிகக் குறைவு. சக உழைப்பாளிகளை வசைபாடியதற்காக டோர்வால்ட்ஸே 2018இல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. சுதந்திரம் பேசும் இடத்திலும் நம் நாற்காலியை நாமே இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. நமக்கு இது புதிதா? ஜென்ட்ஸ் சைக்கிளை நம் பாட்டிகள் திருப்பிக் கொடுக்கவில்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பு பல பழைய கணினிகளில் ஏறாது. "தூக்கிப் போடுங்க, புதுசு வாங்குங்க" என்று கடைகள் சொல்லும். விலையில்லாமல் வந்ததற்கு வீட்டில் யார் விலை கொடுப்பார்கள்? மகளுக்குப் புதிது கிடைக்காது. பரணில் கிடக்கும் அந்தப் பழைய கணினிகளில் பலவற்றை லினக்ஸ் இன்னும் பல ஆண்டுகள் ஓட்டும்.

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிதல்ல. முதலாண்டில் ஒரு சனிக்கிழமை, ஓர் அறை, பத்து பென்டிரைவ். கற்றவள் அடுத்தவளுக்குக் கற்றுத்தரட்டும். அறிவொளி அப்படித்தான் பரவியது.

அந்த மாணவி, பரீட்சைக்கு வேண்டும் என்று சொல்லி அண்ணனிடமிருந்து லேப்டாப்பை வாங்கி வந்தாள். துறை அறையில் உட்கார்ந்தோம். விசைகளை அவள்தான் அழுத்தினாள். இரண்டு முறை தப்பாகி, மூன்றாவது முறை சரியானது. கடைசித் திரையில் பெயர் கேட்டது, தன் பெயரைத் தமிழில் அடிக்கலாமா என்றாள். அடித்தாள். பிறகு பாஸ்வேர்டு கேட்டது. என்னைப் பார்த்தாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.