விளக்கை மலையேற்றிவிட்டுப் படுப்போம்

நண்பரின் பிறந்தநாளுக்குப் பரிசு தேடி டோபி காட் கடைத்தொகுதிகளில் சுற்றும் மாணவர்கள் பலரின் கைக்கு எட்டுவது வாசனை மெழுகுவர்த்தி. அங்கிருந்து ரயிலில் ஒரு நிறுத்தம் தள்ளி லிட்டில் இந்தியாவில் இறங்கினால் அகல்விளக்கு, திரி, கற்பூரம். இரண்டும் கடைசியில் வந்து சேர்வது ஒரே வீவக வீட்டுக்குத்தான். ஒன்று படிப்பு மேசையில் எரிகிறது, மற்றொன்று பூசை அலமாரியில். இரண்டையும் பல நேரங்களில் யாரும் கவனிப்பதில்லை என்பதே என் கவலை.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு 1,954 தீச்சம்பவங்கள் பதிவாயின. அவற்றில் 970 வீடுகளில் நிகழ்ந்தவை. கவனிக்காமல் விட்ட சமையலும் மின்சாரக் கோளாறும் முக்கியக் காரணங்கள் என்றாலும், எரியவிட்டு மறந்துபோன ஊதுவத்தி, மெழுகுவர்த்தி போன்றவை பற்றியும் குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து எச்சரித்து வருகிறது.

மெழுகுவர்த்தி எப்படி எரிகிறது என்பதை விளக்கியே விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டு இறுதியில் லண்டனில் இளையர்களுக்காகத் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். மெழுகு உருகித் திரியில் ஏறி ஆவியாகிறது; அந்த ஆவிதான் எரிகிறது. சுடரின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். காற்றில் ஆடும் திரைச்சீலைக்கும் குவித்து வைத்த பயிற்சித்தாள்களுக்கும் அது போதும். கிண்ணத்து மெழுகு முழுவதும் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் சட்டென நீராவியாகிக் கொதிக்கும் மெழுகை நாலாபுறமும் தெறிக்கவிடும். காற்றுப் புகாதபடி உலோக மூடியால் மூடுவதே சரி. எண்ணெய் விளக்குக்கும் இது பொருந்தும்.

“சாமி விளக்கை நாமாக அணைக்கக் கூடாது, அதுவாக அடங்கட்டும்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் விளக்கை ‘மலையேற்றுதல்’, ‘குளிரவைத்தல்’ என்ற சொற்களையும் அதே மரபுதான் நமக்குத் தந்திருக்கிறது. வாயால் ஊதாமல், ஒரு பூவால் திரியை மெல்ல அமர்த்துவது வழக்கம். ஏற்றியவரே அமர்த்தவும் வேண்டும் என்ற பொறுப்பு அந்த வழக்கத்தில் இருக்கிறது. வேலைக்கோ பள்ளிக்கோ கிளம்புமுன் விளக்கை மலையேற்றுவது பக்திக் குறைவு ஆகாது. இதைப் பாட்டியிடம் பணிவாக எடுத்துச் சொல்ல வீட்டில் ஏற்றவர் பேரப்பிள்ளைதான்.

செய்ய வேண்டியவை எளியவை. சுடரைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் வேண்டாம். அறையை விட்டு வெளியேறினாலும் தூக்கம் வந்தாலும் முதலில் சுடரை அணையுங்கள். தாம்பாளத்தின் மேல் விளக்கை வையுங்கள். கார்த்திகைக்கு வாசலில் வரிசையாக ஏற்றும்போது, நடைபாதையில் செருப்பு அலமாரிக்கும் அட்டைப்பெட்டிக்கும் எட்டவே வையுங்கள்.

2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை. உங்கள் வீட்டுக் கூரையை இன்றே நிமிர்ந்து பாருங்கள். இல்லையென்றால் பெற்றோரிடம் பேசுங்கள்.

டோபி காட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஹில் ஸ்திரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறது நூறாண்டு கடந்த மத்திய தீயணைப்பு நிலையம். அழைப்பு வந்தால் எட்டு நிமிடத்துக்குள் சம்பவ இடத்தை அடைவது தீயணைப்பாளர்களின் இலக்கு. ஆனால் ஒரு திரைச்சீலை முழுவதும் பற்றிக்கொள்ள அவ்வளவு நேரம் தேவையில்லை. அடுக்குமாடியில் நம் வீட்டுப் புகை மேல்மாடியில் இருக்கும் முதியவரின் மூச்சையும் அடைக்கும். தீ கைமீறினால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியேறி, 995 என்ற எண்ணை அழையுங்கள். அந்த நிலை வராமல் தடுக்க ஒரு பூ போதும்.