வாய்க்காலில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் வழங்கும் 'ரைவல்' என்னும் சொல்லை நம் மாணவர்கள் போட்டியாளர், எதிரி என்னும் பொருள்களிலேயே அறிவர். அதன் வேர், 'ரீவுஸ்' என்னும் இலத்தீன் சொல்லாகும். சிற்றோடை என்பதும், நிலத்திற்கு நீர் கொண்டுசெல்லும் வாய்க்கால் என்பதும் அதன் பொருள்கள். கி.பி. 97இல் உரோமை நகரின் நீர்வழங்கல் தலைவராகப் பொறுப்பேற்ற பிரொந்தீனுஸ், தொலைவிலிருந்து நகருக்கு நீர் கொணர்ந்த கட்டுக்கால்வாய்களையும் இச்சொல்லால் குறித்துள்ளார். ஆங்கிலத்தின் 'ரிவர்' இதன் வழிவந்ததன்று. கரையைக் குறிக்கும் 'ரீபா' என்பதன் வழிவந்தது. ஒலி ஒத்தால் உறவும் உண்டு எனத் துணிவோர் இதனைக் கருதுக.

ஒரே ரீவுஸிலிருந்து நீர் பெறுவோர் 'ரீவாலிஸ்' எனப்பட்டனர். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சட்ட அறிஞர் உல்பியான் இச்சொல்லுக்குத் தரும் விளக்கம் இதுவே. அவர் எழுத்துகளின் பகுதிகள், பேரரசர் ஜஸ்டினியன் 533இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் காக்கப்பட்டுள்ளன. வாய்க்காலைத் தூர் வாரவும் செப்பனிடவும் முனைவோனை வன்முறையால் தடுத்தலாகாது என்கிறது அத்தொகுப்பு. அவ்வாறு செய்வோனும் முன்பிருந்த முறைக்கு மாறாக நீரைக் கொண்டுசெல்லலாகாது என்றும் வரம்பிடுகிறது. ஆக, சட்டத்தின் கண்ணில் ரீவாலிஸ் என்போர் பகைவரல்லர்; ஒரு நீருக்கு உரிமையுடைய பலர். அவர்களிடையே வழக்கு எழக்கூடும் என்பதைச் சட்டம் அறியும். ஆனால் வழக்கு வேறு, பகை வேறு.

இந்நீர்ப்பங்கீடு ஏட்டளவில் நின்றதன்று. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள லமாஸ்பா என்னும் ஊரில், பேரரசர் எலகாபாலுஸ் காலத்துக் (218-222) கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. நிலவுடைமையாளர் ஒவ்வொருவர் பெயரும், அவர் எந்த நாழிகை முதல் எந்த நாழிகை வரை நீர் பாய்ச்சலாம் என்பதும் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. முறைவைத்து நீர் பாய்ச்சும் குடும்பத்தில் பிறந்த மாணவருக்கு அதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

பங்காளர் என்னும் நற்பொருள் காலப்போக்கில் தேய்ந்து பகைப்பொருளாயிற்று எனச் சொல்லி முடித்துவிடுவது எளிது. சான்றுகள் அவ்வளவு நேராக இல்லை. உல்பியானுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முற்பட்ட நாடக ஆசிரியர் பிளாட்டஸ், ஒரே பெண்ணை விரும்பும் இருவரை இச்சொல்லாலேயே குறித்துவிட்டார். நாடக மேடையில் ஒரு பொருளும் வயல்வரப்பில் மற்றொரு பொருளுமாக அச்சொல் நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது என்பதே நம் கருத்து. தமிழிலும் 'பங்காளி' என்னும் சொல் பங்குக்கு உரியவனையே குறிக்கிறது. எனினும் 'பங்காளிச் சண்டை' என்றால் விளக்கம் கேட்பார் எவருமிலர்.

ஆங்கில அகராதியைத் துணைக்கொண்டு உரோமைச் சட்டத்தைத் தமிழாக்க முற்படுவோர் 'ரீவாலிஸ்' என்பதைப் 'போட்டியாளர்' எனப் பெயர்த்துவிடக் கூடும். அப்போது, ஒரே வாய்க்காலில் உரிமையுடைய அயலார் இருவர் முன்னரே பகைவராகி மன்றேறியதாகப் பொருள்படும். உல்பியான் சொன்னது அதுவன்று. அவ்விடத்தில் 'வாய்க்கால் பங்காளர்' என்றே எழுதுதல் வேண்டும். பிளாட்டஸின் நாடகத்தைப் பெயர்ப்போர் 'போட்டியாளர்' என்றே எழுதட்டும். அங்கு அது பொருந்தும்.