ஃபைனலைஸ் பண்ணியாச்சா?

டிவிடி ரெக்கார்டர் என்று ஒரு மெஷின் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பிளேயர் இல்லை, ரெக்கார்டர். பார்ப்பதற்கு பிளேயர் மாதிரியேதான் இருக்கும். முன்பக்கம் ஒரு சிவப்புப் பட்டன் மட்டும் கூடுதல். அதை அழுத்தினால் டி.வி.யில் ஓடுவது டிஸ்க்கில் பதியும். பழைய வீடியோ கேசட்டில் இருப்பதையும் டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஜப்பானின் பயோனியர் நிறுவனம் 1999-ல் முதல் வீட்டு ரெக்கார்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஹால்களுக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷங்கள் ஆயின. விலை அதிகம் என்பதால் தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கும். இருந்த வீட்டில் அதற்குத் தனி மரியாதை. மேலே பூவேலை போட்ட துணி, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, குழந்தைகள் கை வைக்கத் தடை.

இன்றைக்கு அந்த மெஷின் பரணில் கிடக்கும், அல்லது எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். "நல்லா உழைச்சுதா?" என்று வைத்திருந்தவர்களைக் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "பத்து வருஷம் ஒரு குறையும் இல்லை" என்பார் ஒருவர். "வாரண்டி முடிஞ்ச மாசமே மக்கர் பண்ணிடுச்சு" என்பார் அடுத்தவர். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால், மெஷின் போன பிறகும் மிச்சமிருக்கும் கேள்வி வேறு. அதில் பதிந்த டிஸ்க் இன்றைக்கு வேறு எதிலாவது ஓடுகிறதா?

செகண்ட் ஷிஃப்ட்டும் ராத்திரி சீரியலும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் தொடங்கியது. அதைச் சுற்றி வளர்ந்த வீடுகளில் பலவற்றின் கடிகாரம் ஷிஃப்ட் கணக்கில்தான் ஓடும். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து ஒருவர் வீடு திரும்பும்போது அன்றைய சீரியல் முடிந்திருக்கும். 'கோலங்கள்' 2003-ல் தொடங்கி 2009 வரை ஓடிய காலம் அது. விட்ட எபிசோடை மறுநாள் போனில் பார்க்கும் வசதி அப்போது கிடையாது. அந்த மாதிரி வீட்டுக்கு ரெக்கார்டர் பெரிய உதவி. நேரத்தையும் சேனலையும் டைமரில் வைத்துவிட்டால், மெஷின் தானே விழித்துப் பதிந்து வைக்கும்.

கரண்ட் இருந்தால்!

இங்கேதான் முதல் சிக்கல். மதியம் ஒரு தடவை கரண்ட் போய் வந்தால் போதும், பல மாடல்களில் கடிகாரம் அழிந்து நான்கு கோடுகள் மட்டும் மின்னும். கடிகாரம் இல்லாவிட்டால் டைமர் இல்லை. ராத்திரி பத்தரைக்கு வந்து பிளே பட்டனை அழுத்துகிறவருக்குக் கிடைப்பது காலி டிஸ்க். திட்டு வாங்கியது மெஷின்தான். தப்பு அதனுடையது மட்டுமல்ல.

2012-ல் சென்னைக்குள் தினமும் 2 மணி நேர மின்வெட்டு இருந்தது. மற்ற மாவட்டங்களில் அதைவிட மோசம். பதிந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், அந்தப் பதிவு மட்டுமல்ல, சில நேரம் டிஸ்க்கே கெட்டுவிடும். எங்கே எது இருக்கிறது என்ற குறிப்பை ரெக்கார்டர் பதிவு முடிந்த பிறகுதான் எழுதும். அதற்குள் உயிர் போனால், படம் உள்ளே இருந்தாலும் எடுக்க வழி தெரியாமல் நிற்கும்.

மெஷின் எங்கெங்கே விழுந்தது?

ரெக்கார்டர் பழுதானதற்கான காரணங்களை நாலைந்துக்குள் அடக்கிவிடலாம்.

முதலில் பவர் சப்ளை. ரிமோட்டில் ஆஃப் செய்தாலும் ரெக்கார்டர் முழுசாகத் தூங்காது. கடிகாரத்துக்காகவும் டைமருக்காகவும் உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் அந்தச் சூட்டில் வேகும் கெபாசிட்டர்கள் தலை உப்பிவிடும். ஆன் ஆகாமல் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும் பல மெஷின்களின் கதை இதுதான். உதிரி பாகத்தின் விலை சில ரூபாய். ஆனால், பார்த்துக் கண்டுபிடிக்கிற மெக்கானிக் கிடைக்க வேண்டும்.

அடுத்து லேசர். டிஸ்க்கைப் படிக்கக் கொஞ்சம் வெளிச்சம் போதும். எழுதுவதற்கு லேசர் பல மடங்கு பலத்தோடு எரிய வேண்டும். அதனால் லேசர் வயதாகும்போது முதலில் போவது எழுதும் சக்தி. 'பழைய டிஸ்க் எல்லாம் ஜோரா ஓடுது, புது டிஸ்க் போட்டா எரர் காட்டுது' என்பது இதன் அறிகுறி. லாரிகள் ஓடும் சாலையோர வீட்டின் தூசியும், வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் லென்ஸில் படிந்தால் அந்த நாள் சீக்கிரமே வரும்.

மூன்றாவது, உள்ளே குடியேறிய விருந்தாளிகள். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டி கரப்பான்பூச்சிக்கும் பல்லிக்கும் சொர்க்கம். போர்டின் மேல் ஒரு பல்லி குறுக்கே விழுந்தால் கதை முடிந்தது.

நான்காவது, வெளிநாட்டு மெஷின். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவை இங்கே பெரும்பாலும் ஒத்துப்போயின. அமெரிக்காவிலிருந்து மகன் ஆசையாக அனுப்பியது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால்? ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் இங்கே பிளக்கைச் செருகிய நிமிஷமே புகை.

ஐந்தாவதாக, பழுதே ஆகாமல் பயனற்றுப் போனவை. வீட்டுக்கு டிஷ்ஷும் செட்-டாப் பாக்ஸும் வந்த பிறகு ரெக்கார்டரால் தானாகச் சேனல் மாற்ற முடியவில்லை. பாக்ஸ் எந்தச் சேனலில் நிற்கிறதோ அதைத்தான் பதியும். பதிவு வசதியுள்ள செட்-டாப் பாக்ஸும் பென் டிரைவும் யூடியூபும் வந்ததும் அந்த வேலையும் போனது. நன்றாக ஓடிய மெஷின்கள்கூட பரணுக்குப் போனது இப்படித்தான்.

கேசட்டை எறிந்த வீடுகள்

சீரியல் போனால் போகட்டும். இந்த மெஷின்களைப் பல வீடுகளில் வாங்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு. கல்யாண கேசட்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடந்த கல்யாணங்கள் வி.எச்.எஸ். கேசட்டில் இருந்தன. சென்னைக் காற்றின் ஈரத்தில் கேசட்டில் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். டேப் டெக்கில் சிக்கி நசுங்கும். வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயும் 2016-ல் நிறுத்திவிட்டது. அதனால், "இனிமே எல்லாம் டிஸ்க்தான்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முகூர்த்தம் முதல் நலங்கு வரை டிஸ்க்கில் ஏற்றியவர்கள் ஏராளம். மூன்று மணி நேர கேசட் நல்ல தரத்தில் ஒரே டிஸ்க்கில் அடங்காது. 4.7 ஜி.பி. டிஸ்க்கில் வழக்கமான தரத்தில் 2 மணி நேரம்தான். சிக்கனம் பார்த்து 6 மணி நேரத் தரத்தில் பதிந்தவர்களுக்கு மணப்பெண்ணின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதையும் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு, இடத்தை அடைக்கிறது என்று கேசட்டுகளைத் தூக்கிப் போட்டார்கள்.

ஆக, தாத்தாவின் குரல், பாட்டியின் நடை, குழந்தையின் முதல் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் இருக்கும் ஒரே சாட்சி அந்த டிஸ்க்தான்.

ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"தம்பி, இதைச் சரி பண்ண முடியுமா?"

"இதுக்கு பார்ட்ஸ் வர்றதில்லம்மா. எதுக்கு செலவு பண்றீங்க? போட்டுட்டுப் போங்க."

"மெஷின் வேணாம்பா. எங்க மாமனாரோட அறுபதாம் கல்யாண டிஸ்க் உள்ளேயே மாட்டிக்கிச்சு. அது மட்டும் கெடைச்சா போதும்."

மெஷினின் நம்பகத்தன்மை என்பது கடைசியில் இங்கே வந்துதான் நிற்கிறது.

மொய் நோட்டின் கடைசிப் பக்கம்

டிஸ்க் கைக்கு வந்துவிட்டது. வேறு பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்' என்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் காலி டிஸ்க் என்கிறது. கீறல் இல்லை, பூசணம் இல்லை. அப்படியானால் அநேகமாக, அதை யாரும் ஃபைனலைஸ் செய்யவில்லை.

மொய் நோட்டில் எல்லோர் பெயரையும் எழுதிவிட்டு, கடைசியில் கூட்டிப் போட்டு, கோடு கிழித்து மூடுவார்கள் இல்லையா? அதுதான் ஃபைனலைஸ். அதைச் செய்யும்வரை பதிவின் கணக்கு, பதிந்த ரெக்கார்டருக்கு மட்டும் புரியும் விதத்தில் கிடக்கும். ஃபைனலைஸ் செய்தால்தான் எந்த பிளேயரும் படிக்கக்கூடிய பொருளடக்கம் டிஸ்க்கில் எழுதப்படும். சில நிமிஷ வேலை. ஆனால், அது மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருக்கும். சொந்த மெஷினில் டிஸ்க் நன்றாக ஓடியதால் பல பேர் அதைத் தேடவே இல்லை. மெஷின் போன பிறகுதான் விஷயம் தெரிகிறது. டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ வகை டிஸ்க்குகளுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. ஒரே தடவை எழுதும் ஆர் வகைக்கு உண்டு.

இப்போது செய்ய வேண்டியது

மெஷின் இன்னும் ஓடுகிறதா? அப்படியென்றால் அதிர்ஷ்டம். பீரோவில் உள்ள டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஃபைனலைஸ் ஆகாதவற்றை முடித்துவிட வேண்டும். கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. பாதியில் நின்றால் டிஸ்க் போய்விடலாம்.

மெஷின் ஓடுகிறது, ஆனால் எழுத மறுக்கிறதா? ஃபைனலைஸுக்கும் எழுதும் சக்தி தேவை. அப்போது வற்புறுத்த வேண்டாம். டிஸ்க்கை அந்த மெஷினிலேயே ஓடவிட்டு, பின்பக்கத்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை ஒரு யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் கருவி வழியாக லேப்டாப்பில் செருகி அப்படியே பதிந்துகொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் உள்ள ரெக்கார்டருக்கும் இதே வழிதான். அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

மெஷினே இல்லையா? அதே கம்பெனியின் பழைய ரெக்கார்டர் சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் அதில் முயலலாம், சில நேரம் படிக்கும். இல்லாவிட்டால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள், ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க்கிலிருந்தும் பதிவைத் தேடி எடுக்கும். எடுத்துச் சேமிக்கக் கட்டணம் உண்டு. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் படிக்கலாம் என்பதால், இரண்டு மூன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் கைவிட வேண்டாம்.

டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டால் கத்தியால் ட்ரேயை நெம்பக் கூடாது. மூடியைக் கழற்றி எடுப்பது மெக்கானிக்குக்குச் சில நிமிஷ வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் வீட்டில் திறப்பது ஆபத்து. பக்கத்தில் ஆள் கிடைக்காவிட்டால், மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன், ட்ரேக்குள் டிஸ்க் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

தண்ணீர் பட்ட டிஸ்க்

இந்தப் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்த தண்ணீரையும் யாரும் மறக்கவில்லை. நனைந்த ரெக்கார்டரைக் காயவைத்துச் செருகிப் பார்ப்பது கூடவே கூடாது. ஆனால், டிஸ்க் நனைந்ததற்காக எறிய வேண்டாம். நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, நிழலில் காயவைத்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தால் பெரும்பாலும் ஓடும். வட்டமாகத் துடைத்தால்தான் கீறல் விழுந்து படிக்க முடியாமல் போகும்.

வெயிலும் எதிரிதான். ஒரே தடவை எழுதும் ஆர் வகை டிஸ்க்கில் படம் இருப்பது ஒரு சாயப் பூச்சில். சூடும் வெளிச்சமும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்ல வெளுக்கவைக்கும். இன்றைக்கு ஓடுகிற டிஸ்க் அடுத்த வருஷமும் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கணக்கு ரொம்பச் சுலபம். இருபது டிஸ்க் நிறைய இருந்தாலும் 94 ஜி.பி.தான். 128 ஜி.பி. பென் டிரைவில் அடங்கிவிடும். ஆனால், ஒரே பென் டிரைவை நம்புவதும் ஒரே டிஸ்க்கை நம்புவதும் ஒன்றுதான். ஒரு காப்பி ஹார்ட் டிஸ்க்கில் அம்பத்தூர் வீட்டில் இருக்கட்டும், இன்னொன்று திருநின்றவூர் தங்கை வீட்டில் இருக்கட்டும். டிஸ்க்கையும் எறிய வேண்டாம். கேசட்டை எறிந்தது ஒரு தடவை போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பீரோவைத் திறந்து, பேனாவால் 'கல்யாணம் - 2' என்று எழுதியிருக்கும் அந்த டிஸ்க்கை எடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம். அதில் இருக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் இன்று நம்முடன் இல்லை என்று எண்ணிப் பார்த்தால், காப்பி எடுக்கும் வேலையை யாரும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட மாட்டார்கள்.