லேபில் இருக்கும் டாக்டரும் டாக்டர்தான்

1. எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளை வீட்டில் இருக்கா? பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை இருக்கா? அப்போ இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2. எம்.பி.பி.எஸ். முடித்ததும் சொந்தபந்தம் கேட்கும் கேள்வி ஒண்ணுதான். "அடுத்து என்ன? ஸ்கின்னா, ஹார்ட்டா, ரேடியாலஜியா?" மைக்ரோபயாலஜி எடுக்கப் போறேன், பப்ளிக் ஹெல்த் படிக்கப் போறேன்னு சொல்லிப் பாருங்க. "ஏன் கண்ணு, மார்க் பத்தலையா?"ன்னு பாவமா பார்ப்பாங்க.

3. இந்த நினைப்புக்கு நாம் கொடுக்கும் விலை பெரிசு. நோயாளியை நேரடியாகப் பார்க்காத துறைகளில் பி.ஜி. இடங்கள் வருஷா வருஷம் காலியாகக் கிடக்கு. 2023-ல் நீட் பி.ஜி. கட்-ஆஃபை பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கே இறக்கினாங்க. அதாவது தேர்வு எழுதியிருந்தாலே கவுன்சிலிங்கில் உட்காரலாம். அப்படியும் இந்தத் துறைகள் பக்கம் வர ஆள் தேட வேண்டியிருக்கு.

4. இதனால மங்கலத்துக்கு என்னன்னு கேட்பீங்க. ஒருத்தர் மூணு நாள் காய்ச்சலோட வர்றார். டெங்குவா, ஸ்க்ரப் டைஃபஸா, எலிக்காய்ச்சலா, டைபாய்டா? ஆரம்பத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்டெத் வைத்துப் பார்த்து எந்தப் பெரிய டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது.

5. ஆனா வைத்தியம் வேற வேற. ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தா பெரும்பாலும் ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். டெங்குவுக்கு அது வேலை செய்யாது, நீர்ச்சத்தும் கண்காணிப்பும்தான். டெங்கு டெஸ்டிலேயே முதல் 5 நாளுக்கு என்.எஸ்.1, அதற்கப்புறம் ஐ.ஜி.எம். எந்த நாளில் எந்த டெஸ்ட், ரிசல்ட்டை எவ்வளவு நம்பலாம் என்பது தனிப் படிப்பு.

6. ஒரே லைன் வீட்டில் நாலு பேருக்கு டைபாய்டு வந்தா, நாலு பேருக்கும் மருந்து எழுதுவதோடு வேலை முடியாது. அந்தத் தொட்டித் தண்ணியை டெஸ்ட் பண்ணணும், அடுத்த காம்பவுண்டில் யாருக்காவது இருக்கான்னு தேடணும். பொது சுகாதாரமும் லேபும் சேர்ந்து செய்ற வேலை இது.

7. இந்தப் படிப்பு என்ன செய்யும் என்பதற்கு நம்ம தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கு. 1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பி.ஜி. மாணவி நிர்மலா, வயது முப்பத்து சொச்சம். தீசிஸுக்குத் தலைப்பு தேடுறாங்க. பேராசிரியர் சுனிதி சாலமன், "தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கான்னு பாரு" என்கிறார். மேல்நாட்டு நோய், நம்ம ஊருக்கு வராதுன்னு எல்லாரும் நம்பின காலம்.

8. பாலியல் தொழிலில் இருந்து மீட்கப்பட்டு அரசு காப்பகத்தில் இருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தாங்க. கையில் கிளவுஸ்கூட இல்லை. 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள், சேமித்து வைத்தது வீட்டு ஃப்ரிட்ஜில். எலைசா டெஸ்ட் வசதி வேலூர் சி.எம்.சி.யில்தான். 1986 பிப்ரவரியில் கணவரோடு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடி போனாங்க.

9. ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். அமெரிக்காவில் மறுபடி சோதித்து உறுதி செய்தாங்க. சுகாதார அமைச்சர் ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பது இப்படித்தான் தெரிய வந்தது, ஒரு பி.ஜி. மாணவியின் தீசிஸால். இன்னிக்கு ரத்த வங்கியில் ஹெச்.ஐ.வி. டெஸ்ட் பண்ணாம ஒரு பாட்டில் ரத்தம் வெளியே வராது. நிர்மலா பிறகு கிண்டி கிங் நிறுவனத்தில் வேலை செய்து 2010-ல் ஓய்வு பெற்றாங்க. எத்தனை பேருக்கு அவங்க பெயர் தெரியும்?

10. இன்னொண்ணு. டிபிக்கு சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்காம, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம்னு உலகத்துக்கு நிரூபித்ததும் சென்னைதான். 1956-ல் தொடங்கிய மையம், 1959-ல் வெளிவந்த ஆய்வு. வேலையை விட முடியாத ஒரு தறித் தொழிலாளிக்கு இதன் அருமை தெரியும்.

11. நம்ம பகுதியிலேயே ஆராய வேண்டியது நிறைய கிடக்கு. நூல் மில்லில் பஞ்சுத் தூசியில் வேலை செய்றவங்களுக்கு ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை நெஞ்சு இறுகும். பிஸினோசிஸ் என்று பேர். நிறைய பேர் வீசிங்னு நினைத்து இன்ஹேலரோட நிறுத்திடுவாங்க. இங்க பிறந்து, மில் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி தோன்றும். வெளியூர் ஆளுக்குத் தோன்றணும்னு நாம காத்திருக்க வேண்டாம்.

12. வழிகள் என்ன? எம்.பி.பி.எஸ். முடித்தவங்களுக்கு எம்.டி. மைக்ரோபயாலஜி, எம்.டி. கம்யூனிட்டி மெடிசின். சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தில் எம்.பி.எச். உயிரியல் பட்டதாரிகளுக்குப் புதுச்சேரி வி.சி.ஆர்.சி.யில் கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகள் பற்றி எம்.எஸ்சி. அப்புறம் பி.எச்.டி. ஜே.ஆர்.எஃப். கிடைத்தா 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அப்பா அம்மா கையை எதிர்பார்க்காம படிக்கலாம்.

13. வருமானம்? மறைக்காம சொல்றேன். மாலையில் கிளினிக் போட்டுச் சம்பாதிக்கும் டாக்டர் அளவுக்கு வராது. லேப் வேலைகளில் பல ஒப்பந்த அடிப்படையில்தான். அது நம்ம பிள்ளைகளின் குறை இல்லை, அரசு சரி செய்ய வேண்டியது. மெஷினை வாங்கி வைத்தா மட்டும் அது ரிப்போர்ட் கொடுத்துடாது, இயக்கப் படித்த ஆள் வேணும். திருப்பூருக்கு 2022-ல் மருத்துவக் கல்லூரி வந்தது நல்ல விஷயம். அதோட, மாவட்டம்தோறும் பொது சுகாதார லேபும், அதில் நிரந்தரப் பணியிடங்களும் வேணும். ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட சாக்கடை, ரோடு கேட்கிற மாதிரி இதையும் கேளுங்க.

14. பெற்றோருக்கு ஒரே வேண்டுகோள். பிள்ளை "லேபுக்குப் போறேன், ஆராய்ச்சிக்குப் போறேன்"னு சொன்னா தலையில் கை வைக்காதீங்க. எந்த நிறுவனம், எவ்வளவு உதவித்தொகை, முடித்தா என்ன வேலைன்னு கூட உட்கார்ந்து விசாரிங்க. படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, தெரிந்ததைச் சொல்றேன். ப்ளஸ் டூ, டிகிரி முடிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு இதை அனுப்புங்க.