தொப்புள்கொடி ரத்தமும் மூன்றாம் நாளும்

நிறைமாதத்தில் பிறக்கும் 10 குழந்தைகளில் சுமார் 6 குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் உடல் மஞ்சளாகிறது. பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ரத்தத்தில் பிலிருபின் அளவு மீறிப் போனால் மூளை பாதிக்கப்படும். காது கேளாமல் போகலாம்; கை கால் முடங்கலாம்.

சிக்கல் நாள் கணக்கில் இருக்கிறது. மஞ்சள் உச்சத்தை எட்டுவது 3 முதல் 5 நாட்களுக்குள். சுகப்பிரசவமான தாய் பலரும் இரண்டே நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 100-க்கு சுமார் 89 பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தன. ஆனால் ஆபத்து நேரத்தில் குழந்தை அங்கே இருப்பதில்லை.

எனவேதான் பிறந்தவுடனேயே முன்னறிய முடியுமா என்று ஆராய்ச்சி நடக்கிறது. தொப்புள்கொடி ரத்தத்தில் துத்தநாகம், செம்பு போன்ற நுண்தாதுக்களை அளந்து பார்க்கிறார்கள். முடிவுகள் ஒத்துவரவில்லை, நம்பி நடக்கத்தக்க சோதனையாக அது இன்னும் உருவாகவில்லை.

இன்று கையில் உள்ள வழி, மூன்றாம் நாள் குழந்தையைப் பார்ப்பதே. 3, 7-ஆம் நாட்களில் 'ஆஷா' ஊழியர் வீடு தேடி வரவேண்டும் என்பது 2011-இல் வந்த ஏற்பாடு. பிழைக்க வந்த ஊரில் அடிக்கடி வீடு மாறும் குடும்பங்கள் இதில் விடுபட்டுப் போவது எளிது. அவர்கள் காத்திராமல் தாங்களே போய்க் காட்டுவது நல்லது. அதே ஆண்டு ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை இலவசம்.

முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கால் வரை பரவினாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும் தாமதம் கூடாது. நீல ஒளிச் சிகிச்சை பெரும்பாலும் போதும். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து.